முதல் பிப்புக்கு அமுக்குறவன்

அட வேண்டாமுங்க, மேல வைக்க வேண்டாமுங்க. கீழயும் வேண்டாம். மடியிலயே இருக்கட்டும். நீங்க நல்ல மனசோட கேக்கறீங்க, தெரியுது. ஆனா இது பலகாரப் பெட்டி இல்லீங்க, கடிகாரம். ஓடிட்டிருக்கற கடிகாரம். காத வெச்சுக் கேட்டுப் பாருங்க. கேக்குதுங்களா? கம்பளியச் சுத்தி, பஞ்சு வெச்சு, குழந்தையாட்டம் படுக்க வெச்சிருக்கு. ரொம்பக் குலுங்குனா இதுக்கு ஆகாது. மேல வெச்சம்னா முதல் வளைவுலயே ஆட்டம் கண்டுரும்.

கால்கிட்ட இருக்கற சாக்கா? அது பலாப்பழமுங்க. அத நீங்க மிதிக்காம இருந்தாச் சரி. அதுக்கும் ஒரு கதை இருக்குது, வருது.

நானு நாச்சிமுத்து. தொட்டிமடை நமக்கு. பூமி அதிர்ச்சியப் பதியற ஆபீஸ்ல வேல. அப்படி ஒரு ஆபீஸ் இருக்குதான்னுதான பாக்கறீங்க? எல்லாரும் அப்படித்தான் பாப்பாங்க. எங்க மாமனாரு பொண்ணக் குடுத்து ஒம்பது வருஷம் கழிச்சு, இந்த மாசியிலதானுங்க நம்பினாரு. அதுவும் அவரு வீட்டு ஓடு சரிஞ்சு தின்னுட்டிருந்த தட்டுல விழுந்த பொறவு.

பஸ் எத்தன மணிக்கு எடுப்பான்? பதினொண்ணரைக்கா? நான் ஒம்பதரைக்கே வந்து இந்த ஜன்னலோரத்தப் புடிச்சிட்டன். என் பழக்கம் அது. நான் எங்கயும் பிந்தினதே கெடையாதுங்க. கல்யாண வீட்டுக்குப் போனா வாழமரம் கட்டறதுக்கு முன்னாடி போய் நிப்பன். என் கல்யாணத்துலயே பாருங்க, கல்யாணத்த நடத்தி வெக்கற அருமைக்காரரு சொல்றதுக்கு முன்னாடி தாலியக் கட்டிப்போட்டன். மேளக்காரரு அப்பத்தான் காப்பி குடிச்சு வாயத் தொடச்சிட்டிருந்தாரு. எங்க தெய்வான இன்னைக்கு வரைக்கும் சொல்லிக் காட்டுவா, "மேளமில்லாமக் கட்டின தாலி"ன்னு. கட்டினது கட்டினதுதான? அதுல என்ன கொற?

இந்தக் குணத்தப் பாத்துத்தான் ஆபீஸ்ல எனக்கு இந்தக் கடிகாரத்தக் குடுத்திருக்காங்க. பதவி உயர்வு மாதிரின்னு வெச்சுக்கங்களேன். எழுத்துல அப்படிப் போடல. ஆனா அப்படித்தான்.

வேல என்னன்னா சொல்றன், ஒண்ணும் பிரமாதமில்லீங்க. எங்களுக்கு மூணு எடத்துல மெசினு. தொட்டிமடையில ஒண்ணு, மலை மேல மேலூத்துல ஒண்ணு, ஆபீஸ்ல ஒண்ணு. ஒரு உருளையில காயிதத்தச் சுத்தியிருக்கும். அது மெதுவாச் சுத்திட்டே இருக்கும், பேனா கோடு போட்டுட்டே போகும். பூமி ஆடுனா பேனாவும் ஆடும். அவ்வளவுதான். இப்ப, எங்கயோ ஒரு எடத்துல அதிர்ச்சி வந்துச்சுன்னா, கிட்ட இருக்கற மெசினுக்கு முதல்ல தெரியும், தூரத்துல இருக்கறதுக்கு அப்புறம் தெரியும். எதுக்கு எப்பத் தெரிஞ்சுதுன்னு நாங்க மூணு பேரும் போன்ல சொல்லுவம். ஆபீஸ்ல மகாதேவன் சார் மேப்ப விரிச்சு, கவராயத்த வெச்சு, இங்கதான் வந்துச்சுன்னு புள்ளி குத்துவாரு. அதிர்ச்சி ஒரு செகண்டுல அஞ்சாறு கிலோமீட்டர் ஓடிருமுங்க. அதனால மூணு கடிகாரமும் ஒரே நேரத்தக் காட்டணும். ஒண்ணு ரெண்டு செகண்டு பிசகினா புள்ளி அடுத்த தாலுகாவுல போய் உக்காந்துக்கும்.

மெசினுக்குள்ள இருக்கற கடிகாரம் வெயிலுக்கு ஒரு மாதிரி, பனிக்கு ஒரு மாதிரி ஓடும். அத தெனமும் சரி பாக்கறதுதான் எங்க வேலையில உசுரு. காலைல எட்டு மணிச் செய்திக்கு முன்னாடி ரேடியோவுல பிப் பிப்னு செகண்டுக்கு ஒண்ணா ஆறு தடவ சத்தம் வருமுல்ல? அப்ப ஒரு பொத்தான அமுக்கணும். காயிதத்துல ஒரு கோடு எகிறும். அதுதான் சரியான எட்டு மணி. நம்ம கடிகாரம் அதுக்கு முந்துதா பிந்துதான்னு பாத்து எழுதி வெக்கணும்.

இதுல நான் பதினோரு வருஷமா ஒரு நாள் தவறினதில்ல. காய்ச்சல்லயும் போயிருவன். முதல் பிப் வந்துச்சா, டக்குன்னு அமுக்கிருவன். அதென்னுங்க, மிச்ச அஞ்சு பிப்பு எதுக்குன்னு எனக்கு இப்பவும் தெரியாது. தூங்கி வழியறவங்களுக்கா இருக்கும். ஒண்ணுல எந்திரிக்காதவன் ரெண்டுல எந்திரிப்பான், ரெண்டுல எந்திரிக்காதவன் மூணுல எந்திரிப்பான். சுறுசுறுப்பான ஆளுக்கு ஒண்ணு போதாதுங்களா?

மேலூத்துல ஜெசிந்தான்னு ஒரு அம்மா. எனக்கு ஒரு நாலஞ்சு வயசு மூத்தவங்க. மெதுவான ஆளு. பேசறதும் மெதுவு, நடக்கறதும் மெதுவு. ஆபீஸ் கூட்டத்துக்கு வந்தாங்கன்னா, "வாங்க சார்"ம்பாங்க, அதுக்குள்ள நான் போய் உக்காந்து டீயக் குடிச்சு முடிச்சிருப்பன். அவங்க ஆறாவது பிப்புக்குத்தான் அமுக்குவாங்களாம். அத அவங்க வாயால கேட்டப்ப எனக்குச் சிரிப்பு அடங்கல. கடைசி பஸ்ஸப் புடிக்கற மாதிரி!

வண்டியும் எடுத்துட்டான். ஆச்சுங்களா. இந்த மாசி மாசம், ஒரு செவ்வாக்கெழம. காலைல பத்தேகாலு. நான் மெசினுக்கு முன்னாடிதான் உக்காந்திருந்தன். அலமாரியில இருந்த டம்ளரு கடகடன்னு ஆடிக் கீழ விழுந்துச்சு. பேனா பேய் புடிச்ச மாதிரி காயிதத்தக் கிழிக்காத கொறையா ஆடுச்சு. வெளிய மாடெல்லாம் கத்துது. நான் அசரலைங்க. நேரத்தக் குறிச்சன், கணக்குப் போட்டன், போன எடுத்தன். மூணு பேர்ல நான்தான் முதல்ல சொன்னது.

சாயங்காலமே மகாதேவன் சார் புள்ளி குத்திட்டாரு. எங்கன்னு நெனைக்கறீங்க? இப்பப் போறமே இதே ரோட்டுல, மூங்கில்துற அணைக்கட்டு. எங்க ஊருக்கும் மேலூத்துக்கும் நட்டநடுவுல. உடனே தாசில்தாரு வந்து, அணைக்குக் கீழ இருந்த நாப்பத்திரெண்டு குடும்பத்தயும் கெளப்பிக் கல்யாண மண்டபத்துல போட்டுட்டாங்க. கோழி, ஆடு, அண்டா குண்டா எல்லாத்தோடயும்.

எங்க ஊர்லயா? எங்க ஊர்லயும் செவுரு விரிசல் விட்டுச்சுங்க. ஏழெட்டு வீடு. அப்பத்தான் எங்க மாமனாரு தட்டுல ஓடு விழுந்தது. அதெல்லாம் கொத்தனாரு மாரப்பன் வேல. சுண்ணாம்பு கம்மி, மணலு சாஸ்தி. நானே ஊருக்கெல்லாம் போய்ச் சொன்னன், பயப்படாதீங்க, அதிர்ச்சி வந்தது பதினாறு கிலோமீட்டருக்கு அந்தப்பக்கம், மெசினே சொல்லிருச்சுன்னு. பள்ளிக்கூடத்துல மேக்காலச் செவுத்துல கை நொழையற மாதிரி ஒரு வெடிப்பு. பெரிய வாத்தியாரு என்னத்தான் கூப்புட்டுக் கேட்டாரு, "நாச்சிமுத்து, பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டறலாமா?"ன்னு. "எதுக்குங்க? பரிச்ச வருது, நீங்க பாட்டுக்கு நடத்துங்க வாத்தியாரே"ன்னுட்டன். என் பேச்சுக்கு ஊர்ல அவ்வளவு மதிப்பு.

வியாழக்கெழம பாருங்க, வெடிஞ்சும் வெடியாம அந்தம்மா எங்க மெசினு ஸ்டேஷனு வாசல்ல வந்து நிக்குது. ஜெசிந்தா. முதல் பஸ்ஸுக்கு வந்திருக்காங்க. அவங்க, முதல் பஸ்ஸுக்கு! ஒரு கைக்கடிகாரத்தத் துணியில சுத்தி, அடுப்புல இருந்து எறக்கின பால் மாதிரி ரெண்டு கையாலயும் புடிச்சிட்டு.

"என்னங்கம்மா இவ்வளவு தூரம்?"ன்னன்.

"நம்ம ரெண்டு பேரு நேரமும் ஒத்து வருதான்னு பாக்கலாம்னு வந்தேன் சார். அங்க எனக்கு அதிர்ச்சி லேசாத்தான் தெரிஞ்சுது. மேஜ மேல இருந்த பென்சில்கூட உருளல. அணைக்கட்டுல வந்திருந்தா அப்படி இருக்காதே"ன்னாங்க.

எட்டு மணி ஆச்சு. ரேடியோவ வெச்சன். முதல் பிப், டக்குன்னு அமுக்கினன். அந்தம்மா என் கையவே பாத்துட்டிருந்தாங்க. அமுக்கின வெரல எடுத்த பொறவும் பிப்பு வந்துட்டே இருந்துச்சு. அவங்க உதடு மட்டும் அசைஞ்சுது, எண்ணற மாதிரி. பொறவு ரெண்டு கடிகாரத்தயும் பக்கத்துல வெச்சுப் பாத்தம். அஞ்சு செகண்டு வித்தியாசம். சரியா அஞ்சு.

"பாத்தீங்களா? நீங்க அஞ்சு செகண்டு பிந்திட்டீங்க"ன்னு சொன்னன். வேற யாராச்சும்னா குத்திக் காட்டியிருப்பாங்க. நான் நல்லபடியாத்தான் சொன்னனுங்க.

அவங்க செவ்வாக்கெழமக் காயிதத்தக் கேட்டாங்க. சனிக்கெழமதான் தபால்ல போகும், அது வரைக்கும் எங்கிட்டத்தான் இருக்கும். எடுத்துக் குடுத்தன். மேஜையில விரிச்சு, ஒரு ஸ்கேல வெச்சு, துணி அளக்கற மாதிரி அளந்தாங்க. அதிர்ச்சியில முதல்ல ஒரு சின்ன ஆட்டம் வரும், பின்னாடியே பெரிய ஆட்டம் வரும். அந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற எடத்த அளந்தாங்க. ஒருக்கா அளந்து, மறுக்கா அளந்தாங்க. "இதுக்குக் கடிகாரமே தேவையில்ல சார். கிட்டத்துல இருந்து வந்தாத்தான் பெரிய ஆட்டம் இவ்வளவு சீக்கிரம் வரும், அப்படின்னா..."ன்னு நிறுத்திட்டாங்க. முகம் சுண்டிப் போச்சு. தப்பு தன்பேர்லதான்னு புரிஞ்சிருச்சு போலன்னு எனக்குப் பாவமா இருந்துச்சு. வீடு ஸ்டேஷனுக்குப் பின்னாடியேதான், தெய்வானயக் கூப்புட்டு, அம்மாவுக்கு ஒரு காப்பி போடச் சொன்னன்.

அப்ப எங்க மேகலா சீருடையப் போட்டுட்டு வந்து நின்னா. என் பொண்ணு. மூணாங்கிளாசு. அந்தம்மா அவளக் கிட்டக் கூப்புட்டு, "எங்க கண்ணு உக்காருவ, கிளாஸ்ல?"ன்னு கேட்டாங்க.

"செவுத்தோரப் பெஞ்சுல. நாங்க அஞ்சு பேரு. சதீசு, கோமதி, ரபீக்கு, பூவாத்தா, நானு. வெடிப்புக்குள்ள ரபீக்கு பென்சில விட்டான், அந்தப்பக்கம் போய் விழுந்துச்சு"ன்னு சிரிக்கறா.

அந்தம்மா எந்திரிச்சிட்டாங்க. காப்பியத் தொடவே இல்ல. ஆபீசுக்குப் போன் போட்டாங்க, மகாதேவன் சார் அணைக்கட்டுக்குப் போயிட்டாருன்னு பதில் வந்துச்சு. எங்கிட்ட வந்து, "சார், உங்க மெசினு நல்லா இருக்குது. உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்குது. எனக்காக ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. அடுத்த அதிர்ச்சி எங்க வரும்னு யாருக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்துப் புள்ளைகள ஒரு வாரம் வெளிய மரத்தடியில உக்கார வெச்சுப் பாடம் நடத்தச் சொல்லுங்க. நான் சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க. உங்க வாக்குன்னா ஊரு கேக்கும்"ன்னாங்க.

நெசந்தானுங்களே. ஊரு நான் சொன்னாத்தான் கேக்கும். ஆனா முந்தாநாளுதான் நடத்துங்கன்னு சொல்லிட்டு, இன்னைக்கு வெளிய வான்னு சொன்னா நம்ம மரியாதை என்னாவறது? நான் தயங்கினன். அந்தம்மா கையெடுத்துக் கும்பிட்டாங்க. என்னவிட மூத்தவங்க. எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. சரி, மலையெறங்கி வந்திருக்காங்க, அவங்க மனசு நோகக் கூடாதுன்னு போய், "ஆபீஸ் உத்தரவு"ன்னு பெரிய வாத்தியாருகிட்டச் சொல்லிட்டன். அப்படி ஒரு உத்தரவும் கெடையாது. பொய்தான். புள்ளைகளுக்குக் கொண்டாட்டம். மைதானத்துல பெரிய பலாமரம் ஒண்ணு, அதுக்குக் கீழ வரிசையா உக்காந்துட்டாங்க. மரத்துல அப்பத்தான் பிஞ்சு புடிச்சிருந்துச்சு.

அந்தம்மா எல்லாரும் உக்காந்தாச்சான்னு தலைய எண்ணிப் பாத்துட்டுத்தான் பஸ் ஏறினாங்க. அதுக்கும் மெதுவாத்தான் போனாங்க, பஸ்ஸே காத்திருந்து ஏத்திட்டுப் போச்சு.

வெள்ளிக்கெழம பதினொண்ணு இருவதுக்கு ரெண்டாவது அதிர்ச்சி. முதல்ல வந்ததவிட சின்னதுதான். ஆனா மேக்காலச் செவுரு அப்படியே உள்பக்கமாச் சாஞ்சிருச்சு. ஓடு, உத்தரம், செவுரு எல்லாம் மூணாங்கிளாசு மேல. நான் ஓடினனுங்க. போனக்கூட எடுக்கல, நேரத்தக்கூடக் குறிக்கல, பதினோரு வருஷத்துல அன்னைக்கு மட்டுந்தான். மரத்தடியில புள்ளைக எல்லாம் ஒருத்தர ஒருத்தரு கட்டிட்டு அழுதுட்டிருக்குது. ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்ல. மேகலா ஓடி வந்து என் காலக் கட்டிக்கிட்டா. அவளத் தூக்கிட்டே உள்ள போய் எட்டிப் பாத்தன். செவுத்தோரப் பெஞ்சு இருந்த எடத்துல கல்லுதான் இருந்துச்சு. பெஞ்சு இல்ல. அன்னைக்கு நான் அழுததப் போல என் அப்பா செத்தப்பக்கூட அழுததில்லீங்க.

ஊரே என்னத் தூக்கி வெச்சுக் கொண்டாடுச்சு. நாச்சிமுத்து சொல்லித்தான் புள்ளைக பொழச்சுதுன்னு கோயில்ல எனக்குப் பரிவட்டம் கட்டினாங்க. கட்டறப்ப அந்தம்மா பேரச் சொல்லலாம்னு வாயத் தொறந்தன். அதுக்குள்ள மேளம் அடிச்சிட்டாங்க.

பொறவு ஆபீஸ்ல விசாரண வெச்சாங்க. அந்தம்மா ஒரு கடுதாசி எழுதிக் குடுத்தாங்க. மகாதேவன் சார் எனக்கும் காட்டினாரு, மனப்பாடமாச் சொல்லுவன்: "இரண்டு நிலையங்களிலும் நேரம் பார்க்கும் முறை வேறுபட்டிருப்பதை நான் முன்பே கவனித்திருக்க வேண்டும். கவனிக்கத் தவறியது என் பிழை." பாத்தீங்களா, அவங்களே ஒத்துக்கிட்டாங்க! அவங்களுக்கு ஒரு மெமோ போச்சு. பெருந்தன்மையான மனுஷி, அதச் சொல்லணும். அதுலயே கடைசியா ஒரு யோசனயும் எழுதியிருந்தாங்க, இனி மாசம் ஒருக்கா ஒரே கடிகாரத்த மூணு எடத்துக்கும் கொண்டு போய்ச் சரி பாக்கணும், நேரந்தவறாத நாச்சிமுத்துதான் அதுக்குப் பொருத்தமான ஆளுன்னு. மகாதேவன் சார் புள்ளியத் தொட்டிமடைப் பக்கம் மாத்திக் குத்தினாரு, மண்டபத்துல இருந்த அணைக்கட்டுக்காரங்கள வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. தொட்டிமடையில என் எடத்துக்கு ஒரு புது ஆளப் போட்டிருக்காங்க. ஆறாவது பிப்புக்குத்தான் அமுக்கறான். சோம்பேறிப் பய, என்ன பண்றது.

இதோ, மூங்கில்துற வந்துருச்சு. பஸ் இங்க டீக்கு நிக்கும். எறங்குங்க, எறங்குங்க. கடிகாரம் என்கூடயே வரும். சாக்கு இருக்கட்டும், யாரும் எடுக்க மாட்டாங்க. பழமா? அந்த மரத்துப் பழந்தானுங்க. ஜெசிந்தாம்மாவுக்கு. மேகலாதான் மரத்தச் சுத்திச் சுத்தி வந்து, இருக்கறதுலயே பெரிசா இதப் புடிச்சா. நானும் சரின்னுட்டன். பாவம், மெமோ வாங்கினவங்க.

டீ வாங்கிட்டீங்களா? சித்த இந்த என் டம்ளரப் புடிங்க. கடக்காரரே, அந்த ரேடியோவக் கொஞ்சம் கூட்டி வைங்க! ஒரு மணிச் செய்தி வரப் போகுது. வழியிலயும் ஒருக்கா சரி பாத்துக்கறது நல்லது. கடிகாரத்தோட ஒப்பிட ஸ்டாப் வாட்ச் கையில ரெடி. பேசாதீங்க.

ம்.

பொறுங்க... பொறுங்க... இன்னும் இல்ல... பொறுங்க...

இப்ப.

ஆச்சு. குடுங்க டம்ளர. ஏனுங்க அப்படிப் பாக்கறீங்க? ஆமா, ஆறாவதுக்குத்தான் அமுக்கினன். போறது மேலூத்துக்கு, அவங்க எடத்துக்குப் போறப்ப அவங்க வழக்கப்படி. தொட்டிமடையிலயா? அங்கயும் இப்பெல்லாம் அப்படித்தான். ஆபீஸ்லயும்.

எனக்கு முதல்ல கஷ்டமாத்தான் இருந்துச்சு. வெரலு தானா அமுக்கப் பாக்கும். மெதுவா எண்ணறதுக்கு நான் ஒரு வழி வெச்சிருக்கன், யாருகிட்டயும் சொன்னதில்ல. நீங்க அடுத்த ஊர்ல எறங்கிப் போயிருவீங்க, அதனால சொல்றன். முதல் பிப்புக்கு சதீசு. ரெண்டாவதுக்கு கோமதி. மூணாவதுக்கு ரபீக்கு. நாலாவதுக்கு பூவாத்தா. அஞ்சாவதுக்கு மேகலா. எல்லாப் புள்ளைகளும் வெளிய வந்த பொறவுதானுங்க அமுக்குவன்.